கடைசித் தையல் போடாத மெத்தை

வேலை நேரத்தில் குஷன்காரரிடமிருந்து யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. வாய் நிறைய ஆணி இருக்கும். நாற்காலித் துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி, நாக்கால் ஓர் ஆணியை உதட்டோரத்துக்குத் தள்ளுவார். காந்தச் சுத்தியலின் முனை அதைக் கவ்விக்கொள்ளும். ஒரே அடி. அடுத்தது. கேள்வி கேட்டவர் ஆணி தீரும்வரை நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதற்குள் தங்கள் கேள்விக்குத் தாங்களே பதில் சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள்.

"வாயில ஆணி இல்லாதப்பவும் இவன் இப்படித்தான்," என்பார் மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா. "பொண்டாட்டி பேசுவா, இவன் தலையாட்டுவான். இப்ப ஆட்டறதுக்கும் ஆள் இல்ல."

ஆள் இல்லைதான். பூனை இருந்தது.

மனைவி இறந்த வருடம், பழுதுக்கு வந்த ஒரு சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்தபோது, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே கண் திறக்காத ஒரு குட்டி கிடந்தது. சோபாக்காரரிடம் தகவல் சொன்னார். "சோபாதாங்க என்னுது. உள்ள இருக்கறது உங்களுது," என்று அவர் போனை வைத்துவிட்டார். குஷன்காரர் பஞ்சைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தார். வளர்ந்ததும், கடையில் எந்த இருக்கை புதிதாக முடிந்திருக்கிறதோ அதன்மேல் ஏறி, கைகளை மடித்து வைத்துக்கொண்டு, அவர் ஆணி அடிப்பதை மேற்பார்வை பார்த்தது. அக்காதான் அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தார். "உக்காந்து பாக்கறதத் தவிர ஒரு வேலையும் செய்யல. வேற என்னன்னு கூப்பிடறது?"

முன்னறை கடை. நடுவில் சமையலறை. பின்னால், ஜன்னல் சின்னதாக இருக்கும் உள்ளறை. இந்த மூன்று அறைகளில் குஷன்காரரின் வாழ்க்கை முழுதும் அடங்கும். தொழிலில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, நல்ல பழைய திணிப்பைத் தூக்கி எறிய மாட்டார். நுரை ரப்பர் வந்த பிறகு எல்லோரும் பழைய இருக்கைகளுக்குள் இருந்த குதிரை முடியைக் குப்பையில் போட, இவர் அதைக் கோதி, அடித்து, வெயிலில் காயவைத்துச் சேர்த்து வைப்பார். இன்னொன்று, உட்காரப் போகிறவர் ஒருமுறை உட்கார்ந்து எழுந்த பிறகுதான் கடைசித் தையல் போடுவார். அதுவரை ஒரு பக்கத்தை நூலால் லேசாகக் கோத்து விட்டிருப்பார். எங்கே அழுந்துகிறது, எங்கே தூக்குகிறது என்று பார்த்து, கைவிட்டுத் திணிப்பைச் சரிசெய்து, பிறகு மூடுவார். அவர் செய்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பதைத் தெருவில் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து வேலை வந்தது. வீட்டுக்கார அம்மாள் இறந்துபோய், தங்கை மகன் ஒருவர் சாமான்களைச் சரிசெய்து விற்க வந்திருந்தார். குஷன்காரர் போய்ப் பார்த்தார். கதவைத் திறந்ததும் அடைபட்ட காற்று முகத்தில் வந்து மோதியது. முன்கூடத்தில் பெரிய பழைய சோபா. கைப்பிடி முழுக்க நகக் கீறல்.

"பூனை வளத்தாங்களா?"

"ஒண்ணு ரெண்டா! பெரியம்மா போனதும் எல்லாம் எங்கயோ போயிடுச்சு. அதுக்கப்புறம் இந்த வீட்ட யாருமே தொறக்கல." அந்த ஆள் பேசிக்கொண்டே ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தார். "ஒரே தூசிங்க. காலெல்லாம் அரிக்குது. பழசு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நுரை வச்சுக் குடுத்திடுங்க."

குஷன்காரருக்கும் கெண்டைக்காலில் சுருக்கென்றது. அவரும் தூசி என்றுதான் நினைத்தார்.

கடைக்கு வந்து அதைப் பிரித்தபோது அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே இருந்தது நீண்ட, சுருள் சுருளான, கறுத்த குதிரை முடி. கையில் அள்ளி அழுத்தினால் மெல்ல எழுந்து வந்தது. இப்படிப்பட்ட முடி இனிமேல் கிடைக்காது. இதை விற்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தார். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி, பேத்தியை அவர் இன்னும் தூக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து மகள் குழந்தையோடு வந்து கொஞ்ச நாள் தங்குவதாகப் பேச்சு. அது படுப்பதற்கு ஒரு சின்ன மெத்தை வேண்டும்.

முடியை வெயிலில் காயவைக்க வேண்டும். வெயில் இல்லை. வானம் நாள்தோறும் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, முடியை உள்ளறைத் தரையில் பரப்பி, உட்கார்ந்து கையாலேயே கோதினார். முதலாளி வந்து அந்தக் கறுப்புக் குவியலில் குழி பறித்து, வயிறு மேலே தெரிய உருண்டது. அங்கேயே தூங்கியது. அவர் சிரித்துக்கொண்டார்.

பிறகு பூனை சொறிய ஆரம்பித்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்த அக்கா அதை மடியில் போட்டுக் கழுத்து முடியை விலக்கிப் பார்த்தார். "டேய் தம்பி, உன் முதலாளி மேல எள்ளு கொட்டியிருக்குடா." இன்னும் கொஞ்சம் குனிந்தார். "ஐயையோ. எள்ளு நடக்குது!" என்று பூனையை உதறிவிட்டு எழுந்தார்.

தெள்ளுப் பூச்சி. பக்கவாட்டில் நசுக்கியது போல் ஒல்லியாக, முடிக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓடியது. விரலால் அழுத்தினால் சாகவில்லை. அழுத்தத்தை எடுத்ததும் காணாமல் போயிற்று.

அன்றைக்கே அக்கா தம்பி மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். குஷன்காரரின் மகள் அவரைக் கூப்பிட்டாள்.

"அப்பா, அத்தை சொன்னது நெசமா?"

அவர் வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். "கொஞ்சம்தாம்மா. பாத்துக்கறேன்."

"கொஞ்சம் நெறையனெல்லாம் பேச்சே இல்ல. பச்சப்பிள்ளையக் கொண்டுட்டு வர்றேன். அந்தப் பூனை இருந்தா நான் வரமாட்டேன். யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

"சரி பண்ணிடறேன்மா."

"பூனையா, பேத்தியான்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

அவர் யோசிக்கவில்லை. இரண்டும் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதற்கு முன்னால் பூனையைச் சுத்தம் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பேன் சீப்பு வாங்கிவந்தார். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, பூனையை, இருக்கைகளுக்கு உள்ளே போடும் வெள்ளை உள்துணி ஒன்றின்மேல் நிறுத்தி, கழுத்திலிருந்து வால்வரை வாரினார். சீப்பில் சிக்கியதைத் தண்ணீரில் முக்கியதும், கறுப்புப் புள்ளிகள் காலை உதைத்து அடியில் போய்க் கிடந்தன. வெள்ளைத் துணியில் மிளகுத்தூள் போல ஏதோ உதிர்ந்திருந்தது. மண் என்று நினைத்து ஈரக் கையால் துடைத்தார். அது சிவப்பாகக் கரைந்தது. பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். முதலாளியின் ரத்தம். துணியில் அது விரிந்துகொண்டே போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, குளியல். வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, முழங்கைவரை கீறல். பூனை அலறியதைக் கேட்டுத் தெருவில் போனவர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, முதலாளிக்குச் சம்பள பாக்கியா?"

குளித்துத் துவட்டியதும் பூனை பாதியாக, எலியைப் போல இருந்தது. ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கியது. மறுநாள் மறுபடி சொறிந்தது. மறுபடி வாரினார். மறுபடி கிண்ணம் கறுத்தது. எவ்வளவு எடுத்தாலும் அவ்வளவும் எங்கிருந்தோ திரும்பி வந்தது.

இதற்கிடையே மெத்தை முடிந்துவிட்டது. மென்மையான துணியில் குதிரை முடியைத் திணித்து, ஓரம் கட்டி, தன் வழக்கப்படி தலைமாட்டுப் பக்கத்தை மட்டும் நூலால் லேசாகக் கோத்து விட்டிருந்தார். பேத்தி படுத்த பிறகு கடைசித் தையல். உள்ளறையில் ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து அதன்மேல் வைத்தார். புதிதாக முடிந்த எதன்மேலும் முதலில் ஏறிப் படுக்கும் முதலாளி, அதன்மேல் ஏறவில்லை. உள்ளறைப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டிருந்தது. வாசற்படியில் நின்று மூக்கை நீட்டும். பிறகு திரும்பிப் போய்விடும்.

"குளிப்பாட்டினதுக்குக் கோவம்," என்றார் அக்காவிடம்.

"நல்லதுதான். அந்த ரூமுக்கு வராம இருந்தா சரி."

வெள்ளிக்கிழமை நாய்க்காரர், பழுதுக்குக் கொடுத்திருந்த தன் சோபாவைப் பார்க்க வந்தார். பெரிய நாய் ஒன்றை மகன் போல வளர்ப்பவர், நல்ல மனிதர். விஷயம் கேட்டு, வீட்டுக்குப் போய் ஒரு சின்னக் குப்பியோடு திரும்பி வந்தார்.

"எங்க பையனுக்குப் போடறது. கழுத்துக்குப் பின்னாடி விட்டா போதும், ஒரு பூச்சி நிக்காது. உங்களுது சின்ன உடம்பு, கொஞ்சமா விடுங்க."

எவ்வளவு என்று குஷன்காரர் கேட்கவில்லை. வாயில் ஆணி இருந்தது. ஆணி தீர்ந்தபோது நாய்க்காரர் போய்விட்டார். கேட்பதற்கு அவசியமும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. நாய்க்காரரின் சோபா கண் முன்னால் இருந்தது. நாய் படுத்துப் படுத்து அதில் ஒரு குழி விழுந்திருந்தது. டேப்பை எடுத்துக் குழியின் நீளம் அகலம் அளந்தார். முதலாளியை நீட்டிப் பிடித்து மூக்கிலிருந்து வால் தொடக்கம்வரை அளந்தார். இருக்கைக்குத் துணி வெட்டுவதில் இதே கணக்குதான். பெரியதற்கு இவ்வளவு போகும் என்றால் சிறியதற்கு இவ்வளவு. மருந்தையும் அப்படிப் பிரித்து, அதற்கும் சற்றுக் குறைவாகவே எடுத்து, பூனையின் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கி விட்டார். அது தோலில் எண்ணெய் போலப் பரவியது. முதலாளி தலையை உதறிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது.

மறுநாள் காலையில் அவர் வேலையில் இருந்தார். நாய்க்காரரின் சோபாவில் கடைசிப் பக்கம். மழை நின்று, தெருவில் சத்தமில்லை. அப்போது அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆணி டப்பா சலசலத்தது. யாரும் அதைத் தொடவில்லை. நின்றது. மறுபடி சலசலத்தது. குனிந்து பார்த்தார். டப்பாவில் முதுகை ஒட்டிக்கொண்டு முதலாளி கிடந்தது. காதுகள் துடித்தன. வாயில் நுரை. உடம்பு முழுதும் நடுங்கிய நடுக்கத்தில் டப்பாவுக்குள் ஆணிகள் குதித்துக்கொண்டிருந்தன.

அவர் வாயிலிருந்த ஆணிகளைத் தரையில் துப்பினார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை.

"அக்கா!"

மாட்டு டாக்டர் என்று தெருவில் சொல்லப்படும் டாக்டரம்மா, பூனையைத் துண்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் முகர்ந்து பார்த்தார்.

"என்ன போட்டீங்க?"

"நாய்க்குப் போடற மருந்து... பாதிகூட இல்லைங்க டாக்டரம்மா. அளந்துதான் விட்டேன்."

"இதுல அளவே கிடையாதுங்க ஐயா. நாய்க்கு மருந்து, பூனைக்கு விஷம்." பேசும்போதே ஊசி போட்டார். பாத்திரம் கழுவும் சோப்பால் பிடரியைத் திரும்பத் திரும்பக் கழுவினார். நடுக்கம் சற்றுக் குறைந்தது. நிற்கவில்லை. "இங்கயே இருக்கட்டும். இன்னைக்கித் தாண்டினா பொழச்சுக்கும்னு சொல்வேன். இப்ப ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"எவ்வளவு வாரினாலும் திரும்பத் திரும்ப வந்துதுங்க. அதனாலதான்..."

"வரத்தான் செய்யும். பூனை மேல இருக்கறது கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் வீட்ல இருக்கு. கூடு கட்டிக்கிட்டு உள்ள தூங்கும். மாசக்கணக்கா தூங்கும், சோறு தண்ணி வேணாம். பக்கத்துல ஏதாச்சும் அசையணும், உடம்புச் சூடு படணும். அந்த நிமிஷம் கூட்டைக் கிழிச்சுட்டு வெளிய வரும். பூட்டிக் கெடந்த வீட்டுக்குள்ள காலை வச்சா பாயுதே, அதுதான்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சமீபத்துல வெளியிலேர்ந்து எதாவது வீட்டுக்குள்ள வந்துதா? பழைய சாமான், துணிமணி?"

குஷன்காரர் வாயைத் திறந்தார். ஆணி ஒன்றும் இல்லை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அடைபட்ட காற்று. கைப்பிடியில் நகக் கீறல். உள்ளறை வாசலில் நின்று மூக்கை நீட்டிவிட்டுத் திரும்பிய பூனை.

"டேய், என்னடா?" என்றார் அக்கா.

"மெத்தை," என்றார்.

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தம்பியின் தோளைத் தொட்டார். "நாளைக்குத்தானேடா வர்றா. போய் எடுத்து எரிச்சிடலாம். நேரம் இருக்கு."

நேரம் இருக்கிறது என்று அவரும் சொல்லிக்கொண்டார். டாக்டரம்மாவின் வாசலில் செருப்பு மாட்டும்போது அக்காவின் போன் அடித்தது.

"எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்?" மகளின் குரல் பக்கத்தில் நின்ற குஷன்காரருக்கும் கேட்டது, குழந்தை எழுந்துவிடக்கூடாது என்பது போலத் தணிந்த குரல். "நாளைக்கு அவருக்கு வேலையாம், இன்னைக்கே கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டார். என்கிட்ட இருந்த சாவியப் போட்டுத் தொறந்துட்டேன். பூனையக் காணோமே? அப்பா குடுத்துட்டாரா? பரவால்ல, இந்த ஒரு தடவையாவது நான் சொன்னதக் கேட்டாரே."

குஷன்காரர் போனை வாங்கினார். "பிள்ளை எங்கம்மா?"

"தூங்கப்போகுதுப்பா. மெத்தை என்ன சொகமா இருக்கு! போட்டதும் கண்ணச் சொருகுது. தட்டிக் குடுத்துக்கிட்டேதான் பேசறேன்."

போனில் அந்தச் சத்தம் கேட்டது. மெத்தென்று, ஒரே தாளத்தில். தட், தட், தட்.

"தட்டாத," என்றார். "தூக்கு."

"என்னப்பா?"

"தூக்கும்மா! பிள்ளையத் தூக்கு! வெளிய வா!"

அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. டாக்டரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மறுமுனையில் தட்டும் சத்தம் நின்றது. பிறகு குழந்தை வீறிட்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் தூறலில் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தையை முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள். அதன் கெண்டைக்காலில், கழுத்து மடிப்பில், வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். மகளின் மணிக்கட்டிலும் இருந்தன.

"பூனைதான் போயிடுச்சே," என்றாள். "அப்புறம் இது எங்கேர்ந்துப்பா வருது?"

"பூனை இல்லம்மா. நான்தான். அந்த மெத்தைல நான் திணிச்சதுதான்."

அவள் அவரையே பார்த்தாள். மழைத்துளிகள் குழந்தையின் நெற்றியில் விழுந்தன. அவர் கையை நீட்டினார். அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அக்கா தாயையும் குழந்தையையும் மாடிக்கு அழைத்துப் போனார்.

உள்ளறையில் அவர் விளக்கைப் போட்டார். மெத்தையின் நடுவே குழந்தை படுத்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அழுத்தம் எங்கும் சமமாக, ஒரு குறையும் இல்லாமல். தலைமாட்டுப் பக்கம், நூலால் கோத்து விட்டிருந்த திறப்பில், கறுப்பாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

ஈரத்தில் எரிக்க முடியாது. வளைந்த ஊசியையும் மெழுகு நூலையும் எடுத்துவந்து முழங்காலிட்டார். படுக்கவேண்டியவள் படுத்து எழுந்தாயிற்று. கடைசித் தையலைப் போட்டார். புறங்கையிலும் முழங்கையிலும் சுருக் சுருக்கென்று ஏறுவதைத் தட்டிவிடவில்லை. நெருக்கமாக, ஒரு நூல் நுழைய இடமில்லாமல் தைத்தார். பிறகு மெத்தையை ரெக்சினில் சுருட்டி, அதன் ஓரங்களையும் தைத்து, பின்கட்டில் தகர டிரம்முக்குள் போட்டு மூடியை அழுத்தினார். வெயில் வந்த நாளில் அப்படியே எரித்தார். குதிரை முடி எரியும் நாற்றம் தெரு முழுக்க வந்தது.

முதலாளி பிழைத்தது. ஒரு பக்கம் முடி மழித்து, நடையில் சற்றுத் தள்ளாட்டத்தோடு, துண்டில் சுற்றி மாடிக்குத்தான் கொண்டுவந்தார்கள். மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தையின் புள்ளிகள் களிம்பில் ஆறிக்கொண்டிருந்தன. பூனையை அவளே சீப்பால் வாரினாள்.

கீழே அவர் தனியாக இருந்தார். அறைக்கு மருந்தடித்தாயிற்று. ஆனாலும் கூட்டுக்குள் இருப்பவை மருந்துக்கு மசியாது, நடமாட்டம் தெரிந்தால்தான் வெளியே வரும், வந்தால்தான் சாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆகவே தினமும் முழங்கால்வரை வெள்ளை உள்துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, உள்ளறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் பாதத்தை அழுத்தி அழுத்தி நடந்தார். நின்று குனிந்து பார்ப்பார். வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் சோப்புக் கிண்ணத்தில் போடுவார். மேலே குழந்தை அழும், நிறுத்தும், சிரிக்கும். அவர் நடப்பார்.

"இன்னைக்கு இருக்காப்பா?" என்று படியிலிருந்து மகள் கேட்பாள்.

"இருக்கு."

நாளுக்கு நாள் குறைந்தன. ஒருநாள் துணி வெள்ளையாகவே இருந்தது. மறுநாளும். அவர் ஒருவரிடமும் சொல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் நடந்தார். பிறகு துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார்.

"இல்லம்மா," என்றார். "ஒண்ணுமே இல்ல. பிள்ளையக் கொண்டாரியா?"

அக்கா முன்னால் இறங்கினார். பின்னால் மகள், தோளில் குழந்தை. அது அவரைப் பார்த்துக் கையை விரித்து மூடியது. அவர்கள் காலுக்கு நடுவே முதலாளி இறங்கி வந்து, கடையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, நேராக உள்ளறைப் பக்கம் போனது. பின்னாலேயே வந்த மூவரும் நின்றார்கள்.

வாசற்படியில் முதலாளி நின்றது. மூக்கை நீட்டியது. காது ஒருமுறை துடித்தது. பிறகு அங்கேயே, படிக்கு இந்தப் பக்கம், கைகளை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, காலியான அறையைப் பார்த்தது.

"உள்ள போ முதலாளி," என்றார் அக்கா மெல்ல. அது அசையவில்லை.

மகள் அப்பாவைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு திரும்பி, ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெள்ளைத் துணியை எடுத்துக் கால்களில் சுற்றினார். பூனை பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே போய் நடக்க ஆரம்பித்தார்.